ஏழாம் நம்பர் டோக்கன்

இன்னொருவர் லீவு எடுப்பதற்காக நீங்கள் எப்போதாவது தூக்கம் கெட்டு அலைந்திருக்கிறீர்களா? கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற டோக்கனக்கா அலைந்தாள். முழுதாகப் பதினெட்டு நாள்.

ஒரு திங்கட்கிழமை மதியம் ஆரம்பித்தது அது. கடைசி நோயாளி போனதும் டாக்டர் தன் அறையை விட்டு வெளியே வந்து, அக்காவின் மேசைக்கு முன்னால் ஒரு நோயாளி மாதிரி நின்றார். முன்பெல்லாம் ஏதாவது வேண்டுமென்றால் உள்ளேயிருந்து மணி அடிப்பார். மணி கெட்டு நாலு வருஷமாகிறது. அதிலிருந்து பேனாவால் மேசையைத் தட்டுவார். இப்படி எழுந்து வந்ததே இல்லை.

"ரெண்டாம் தேதியிலேர்ந்து ரெண்டு வாரம் லீவு," என்றார்.

"யாருக்கு சார்?"

டாக்டர் ஒரு விநாடி தடுமாறினார். "எனக்குத்தான்."

அக்கா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பதினாலு வருஷத்தில் இந்த மனிதர் ஒரு நாள் லீவு போட்டு அவள் பார்த்ததில்லை. காய்ச்சல் வந்தால் முகமூடி போட்டுக்கொண்டு ஜன்னலோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டதே பன்னிரண்டாம் டோக்கனுக்கும் பதிமூன்றாம் டோக்கனுக்கும் நடுவில்தான்.

"எங்க சார் போறீங்க?"

"மலைப் பக்கம்... எங்கயாவது. கிளினிக்கை மூடிடுவோம். ஒரு போர்டு எழுதி மாட்டிட்டு, நீங்களும்..."

அதற்குள் அக்காவின் போன் அடித்தது. மகள், வீடியோவில். திரை முழுக்கப் பேரனின் கன்னம். பிறந்து இரண்டு மாதம். மகள் இருக்கிற ஊர் பஸ்ஸில் ஏழு மணி நேரம். அக்கா அவனை இன்னும் போனில்தான் பார்த்திருந்தாள்.

"அம்மா, இவனுக்கு நீ யாருன்னே தெரியலம்மா. உன்னைப் போனுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். அணைஞ்சு கெடக்குற போனைக் காட்டினாக்கூட சிரிக்கிறான்."

"சிரிக்கட்டும் விடுடி. வயித்துல வலி ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம். நாக்கை நீட்டச் சொல்லு, பாக்கலாம்."

"ரெண்டு மாசப் புள்ளைகிட்ட நாக்கை நீட்டுன்னா நீட்டுமா? நீ எப்பதாம்மா வருவ?"

"வரேன்டி. இப்ப டாக்டர் நிக்கிறாரு, வெச்சிடவா?"

வைத்துவிட்டுத் திரும்பினால் டாக்டர் இல்லை. சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அக்கா இந்த கிளினிக்குக்கு நோயாளியாக வந்தவள். புருஷன் தவறிப்போன வருஷம் அது. விடாத தலைவலி. எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு டாக்டர், "டோக்கன் குடுக்குற பையன் நின்னுட்டான். சாயங்காலம் வரைக்கும் கொஞ்சம் உக்காந்து குடுக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார். அன்று உட்கார்ந்தவள்தான். தலைவலி எப்போது போனது என்றே தெரியவில்லை.

அவளுடைய முறையே தனி. சுவரில் ஒரு ஆணி வரிசை, அதில் நம்பர் போட்ட பிளாஸ்டிக் வில்லைகள். நோயாளிகளின் கார்டுகளைப் பேர் வாரியாக அடுக்கமாட்டாள். "பேரு பாதிப் பேருக்கு ஒண்ணுதான். வலிதான் வேற வேற," என்பாள். அதனால் மாடிப்படி முழங்கால் ஒரு கார்டு, பால்கனி டீச்சர் ஒரு கார்டு, ராத்திரி இருமல் ஒரு கார்டு. எது எந்தப் பெட்டியில் என்பது அவள் தலைக்குள் மட்டும் இருந்தது.

ஏழாம் நம்பர் மட்டும் ஆணியில் தொங்காது. அது அக்காவின் சேலை முந்தானையில் முடிந்திருக்கும். வாசலில் நுழைகிற முகத்தைப் பார்த்து, இது நிஜமாகவே தாங்காது என்று தெரிந்தால் மட்டும் முடிச்சை அவிழ்ப்பாள். ஏழு வந்தால் டாக்டர் பாதிப் பேச்சில் எழுந்துவிடுவார். மாடிப்படி முழங்கால் பத்து வருஷமாக அந்த ஏழாம் நம்பரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"ஒரே ஒரு தடவ குடும்மா. ராஜா மாதிரி உள்ள போய்ட்டு வந்துடுறேன்."

"முழங்கால் கழண்டு கையில வந்தா எடுத்துட்டு வாங்க, தரேன்."

பேரன் பிறந்த அன்று டாக்டர், "போய்ட்டு வாங்கம்மா, நான் பாத்துக்கறேன்," என்றார். அதற்கு அக்கா, "நீங்க என்னைக்கு லீவு போடுறீங்களோ அன்னைக்கு நானும் போடுறேன் சார்," என்று சிரித்துவிட்டுப் பன்னிரண்டாம் நம்பரைக் கூப்பிட்டாள்.

இப்போது அந்த மனிதர் லீவு என்கிறார். மூடவேண்டும் என்கிறார்.

பக்கத்து மருந்துக் கடைக்காரரிடம் சொன்னாள். அவர் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தவர் கத்திரிக்கோலை வைத்துவிட்டார்.

"அக்கா, ரெண்டு வாரம்ங்கிறது ஒரு பேச்சுக்கு. இப்படித்தான் ஆரம்பிப்பாங்க. அப்புறம் ஒரு மாசம் ஆகும். அப்புறம் ஒருநாள் வந்து பாத்தா இங்க செல்போன் கடை இருக்கும்."

"சும்மா இருங்க. அவரு மலைக்குப் போறாராம்."

"எந்த மலை?"

அக்காவுக்குத் தெரியவில்லை. மறுநாள் டாக்டரைக் கேட்டாள். "கடற்கரைப் பக்கம் போகலாம்னு இருக்கேன்," என்றார்.

நேற்று மலை, இன்று கடல். போகிற இடம் தெரியாதவர் எங்கேயும் போகவில்லை என்றுதானே அர்த்தம்? இடத்தை விற்கப் போகிறார். இந்த நாற்காலி போய்விட்டால் அவளுக்கு வீட்டில் நாலு சுவர் மட்டும்தான். பழைய தலைவலி எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

அன்றே முடிவு செய்தாள். இந்தக் கதவை ஒரு நாள்கூட மூட விடக்கூடாது. மூடினால்தானே விற்பார்கள்?

மூன்றே நாளில் ஒரு ஆளைப் பிடித்துவிட்டாள். பால்கனி டீச்சரின் அக்கா மகள். டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் சேர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று வீட்டில் இருந்தவள். அக்கா அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து டாக்டர் முன்னால் நிறுத்தினாள்.

"சார், நீங்க நிம்மதியா போங்க. ரெண்டு வாரமும் இவங்க பாத்துப்பாங்க. மூடவே வேண்டாம்."

டாக்டர் கசப்பு மருந்தைக் குடித்தவர் மாதிரி சிரித்தார். "ரொம்ப சந்தோஷம். நல்ல ஏற்பாடு." பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். "நீங்க எங்கயும் போகலியாம்மா?"

"நான் எங்க சார் போறது? நான் இங்கயே இருக்கேன். நீங்க கவலையே படாதீங்க."

டாக்டருக்குக் கவலை அதிகமானது போலத்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை காலையில் வந்தால், ஹாலில் ஒருவன் சுவரை அளந்துகொண்டிருந்தான். பெயிண்டராம். "சார் வெள்ளையடிக்கச் சொன்னாருக்கா. ரெண்டாம் தேதி ஆரம்பிக்கணும். கிளினிக் மூடித்தான் இருக்கணுமாம்."

மருந்துக் கடைக்காரர் கண்ணாடித் தடுப்பு வழியாக எட்டிப் பார்த்தார். "அளவெடுக்குறாங்க, பாத்தீங்களா? விக்கிற வீட்டுக்குத்தான் மொதல்ல வெள்ளையடிப்பாங்க."

அக்கா பெயிண்டரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தாள். ஹாலைப் பாதியாகப் பிரிக்க முடியாதா? ஒரு வாரம் இந்தப் பாதி, ஒரு வாரம் அந்தப் பாதி? பெயிண்டர் தலையைச் சொறிந்தான். வாசலிலிருந்து டாக்டர் அறை வரைக்கும் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். நோயாளிகள் அன்றைக்கே கோட்டுக்கு இந்தப் பக்கமாக நெருக்கி உட்கார்ந்து ஒத்திகை பார்த்துவிட்டார்கள்.

டாக்டர் கோட்டைப் பார்த்தார். "பெயிண்ட் வாசனை வருமே? மூச்சு இழுக்குறவங்க என்ன பண்ணுவாங்க?"

"வாசனையில்லாத பெயிண்ட் இருக்கு சார்," என்றான் பெயிண்டர். "அக்கா கேட்டு வெச்சிருக்காங்க."

டாக்டர் கோட்டைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலம் கூப்பிட்டார். "அம்மா, அந்தப் பொண்ணு கெட்டிக்காரிதான். ஆனா நம்ம ஆளுங்களை அவளுக்குத் தெரியாது. கார்டைத் தேடவே நாளாகும். ஜனங்க ஏத்துக்க மாட்டாங்க. பேசாம மூடிடலாம்."

அக்கா ஒரு நீளமான நோட்டு வாங்கினாள். நாலு நாள் உட்கார்ந்து எழுதினாள். அதுவரை தலைக்குள் இருந்ததெல்லாம் காகிதத்துக்கு வந்தது.

'மாடிப்படி முழங்கால்: முழங்காலில் ஒன்றும் இல்லை. மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறார். ஏறிப்போக மனசில்லை. மெதுவாகப் பரிசோதிக்கவும்.'

'பால்கனி டீச்சர்: கையில் பிபி பட்டையைக் கட்டினால்தான் பேச்சு வரும். கட்டியதும் காற்று அடிக்க வேண்டாம். முதலில் மருமகள் விஷயம் முடியட்டும்.'

'ராத்திரி இருமல்: மருந்துப் பேரை அவரே சொல்வார். தலையை ஆட்டிவிட்டு நீங்கள் நினைத்ததை எழுதவும்.'

சின்ன டாக்டர் அதைப் படித்துவிட்டு, "இது மாதிரி ஒரு புஸ்தகத்தை எங்க காலேஜ்ல குடுக்கவே இல்லையே ஆன்ட்டி!" என்றாள். இரண்டு நாள் வந்து டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்தாள். சொல்லிவைத்த மாதிரி எல்லாருக்கும் அவளைப் பிடித்துப்போய்விட்டது.

"கையைப் பிடிச்சுக்கிட்டுப் பேசுறா! டாக்டர் இத்தனை வருஷமா பேனாவைத்தான் பிடிச்சுக்கிட்டுப் பேசுறாரு," என்றாள் பால்கனி டீச்சர், தன் வீட்டுப் பெண் என்கிற பெருமையோடு.

"எனக்கு வலி பாதி போயிடுச்சு," என்றார் மாடிப்படி முழங்கால். "மீதிப் பாதியை ரெண்டாம் தேதிக்கு வெச்சிருக்கேன்."

இதெல்லாம் டாக்டர் காதில் விழுந்தது. அவர் முகம் சுண்டிப்போனது. மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டார்.

அக்கா யோசித்தாள். முப்பது வருஷமாகப் பார்த்த மனிதர். நேற்று வந்த பெண்ணை ஊரே தூக்கி வைத்துக்கொண்டு ஆடினால் மனசு நோகாதா? இந்த வேதனையில்தான் விற்றுவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றுகிறதோ என்னவோ. அவரைக் கொஞ்சம் குளிரவைக்க வேண்டும்.

மறுநாள் வந்த ஒவ்வொருவர் காதிலும் டோக்கனோடு சேர்த்து ஒரு வார்த்தை போட்டாள். "உள்ள போனதும் சின்ன டாக்டரைப் பத்திக் குறையா ஒண்ணு சொல்லுங்க. பெருசா வேண்டாம். டாக்டர் மனசு ஆறுற அளவுக்கு."

அளவு யாருக்கும் பிடிபடவில்லை.

"அந்தப் பொண்ணு எழுதின மாத்திரையில எனக்குக் கண்ணே தெரியாம போச்சு," என்றார் ராத்திரி இருமல்.

"என் அக்கா பொண்ணுன்னு பாக்கமாட்டேன். அதுக்குப் பொறுமையே கிடையாது," என்றாள் டீச்சர்.

மாடிப்படி முழங்கால் நொண்டிக்கொண்டே உள்ளே போனார். "ஊசி போட்டா பாருங்க, ரெண்டு நாளா கையைத் தூக்க முடியல."

"உங்களுக்கு அவங்க ஊசியே போடலியே?"

"போடாமலே இப்படின்னா பாத்துக்குங்க டாக்டர்!"

பன்னிரண்டு பேர் சொல்லி முடித்தபோது டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அக்கா ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த அதே விநாடியில் அவர் சொன்னார்:

"ஜனங்களுக்குப் பிடிக்கலம்மா. கட்டாயப்படுத்தக் கூடாது. மூடிடுவோம்! போர்டை நானே எழுதுறேன்."

போட்ட திட்டம் அக்காவின் மேலேயே திரும்பிவிட்டது.

அடுத்த நாள் அதே பன்னிரண்டு பேரையும் வரவழைத்தாள். ஒவ்வொருவராக உள்ளே போய், நேற்றுச் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டு வரவேண்டும். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. ராத்திரி இருமல் கண் திரும்ப வந்துவிட்டதாகச் சொன்னார். முழங்கால் மட்டும் முரண்டு பிடித்தார்.

"பொய் சொன்னதுக்கு ஒரு ஏழு, அதைத் திருப்பி வாங்குறதுக்கு ஒரு ஏழு. ரெண்டு ஏழு கணக்காகுது."

"பேசாம உள்ள போங்க. இல்லேன்னா அடுத்த மாசம் டோக்கனே இல்ல."

டாக்டர் எல்லாரையும் கேட்டுக்கொண்டார். ஒருவரையும் திட்டவில்லை. பன்னிரண்டாம் ஆள் போனபிறகு பேனாவால் மேசையைத் தட்டினார். அக்கா போய் நின்றாள். அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, போங்க," என்றார்.

அப்படி ஒன்றாம் தேதி வந்துவிட்டது.

எல்லாம் தயார். சின்ன டாக்டருக்குச் சாவி கொடுத்தாயிற்று. கார்டுப் பெட்டிகளில் வலி வாரியாக அட்டை ஒட்டியாயிற்று. பெயிண்டர் தன் பாதியில் ஏணியைப் போட்டு, மேலே ஏறி ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தான். டாக்டர் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கிளம்பவில்லை. அக்காவின் மேசைக்கு முன்னால் மறுபடி நோயாளி மாதிரி நின்றார்.

அப்போது மகளின் போன். அக்கா எடுக்கவில்லை. மேசைமேல் அது நடுங்கி நடுங்கி ஓய்ந்தது.

"எடுங்கம்மா."

"அப்புறம் பேசிக்கலாம் சார். நீங்க கிளம்புங்க."

"நீங்க எங்கயும் போகலியா?"

மறுபடியும் அதையே கேட்கிறார். அக்காவுக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துவிட்டது.

"ஏன் சார் என்னைத் துரத்துறதுலயே குறியா இருக்கீங்க? நான் இல்லாத நேரம் பாத்து இடத்தை வித்துடலாம்னா? நேரா சொல்லுங்க சார். பதினாலு வருஷம் இந்த நாற்காலியில உக்காந்தவ, எனக்குத் தெரியக்கூடாதா?"

டாக்டர் வாயைத் திறந்தார். பதில் வந்தது ஏணி மேலேயிருந்து.

"விக்கிறதாவது!" என்றான் பெயிண்டர், வாயில் ஆணியைக் கடித்துக்கொண்டே. "உங்களை பஸ் ஏத்திவிட்டப்புறம்தான் பெயிண்ட் டப்பாவையே தொறக்கணும்னு என்கிட்ட சொல்லியிருக்காரு. லீவு அவருக்கு இல்லக்கா, உங்களுக்கு."



டாக்டர் பையைக் கீழே வைத்தார். "நான் லீவு போட்டா நீங்களும் போடுறதா சொன்னீங்க. அதை நம்பித்தான் போட்டேன். நீங்க எனக்குப் பதிலா ஆளைக் கொண்டுவந்துட்டீங்க. சரின்னு பெயிண்டரைக் கூப்பிட்டா கோடு போட்டுட்டீங்க."

"நேரா சொல்லியிருக்கலாமே சார்."

"ரெண்டு மாசமா சொல்றேன். சொல்லும்போதெல்லாம் பன்னிரண்டாம் நம்பரைக் கூப்பிடுறீங்க."

அக்கா முகத்தைத் திருப்பி ஆணி வரிசையைப் பார்த்தாள். தூசி இல்லாத வில்லையைத் துடைத்தாள். திரும்பாமலே கேட்டாள்: "அப்ப அந்த மலை?"

"எனக்கு எங்க போறதுன்னே தெரியலம்மா. வீட்ல ரெண்டு வாரம் உக்காந்தா என் சம்சாரம் என்னை விட்டுட்டு மலைக்குப் போயிடுவா."

"நான் போயிட்டா டோக்கன் யாரு சார் குடுப்பா? சின்ன டாக்டர் உள்ள இருப்பாங்க. வெளிய?"

"உள்ளதான் எனக்கு வேலையில்லாம பண்ணிட்டீங்களே," என்றார் டாக்டர். மேசையைச் சுற்றி வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்.

"எடது பக்கம் சாயாதீங்க. ஆடும்."

"ம்."

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஏழாம் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்க மனம் வராமல் நின்றாள்.

"இதை லேசுல குடுத்துடாதீங்க சார். மூஞ்சியப் பாத்துக் குடுக்கணும்."

"முப்பது வருஷமா மூஞ்சியத்தானேம்மா பாக்குறேன்."

"அவங்க உள்ள வந்தப்புறம்தான் நீங்க பாக்குறீங்க. உங்க முன்னாடி வந்தா எல்லாரும் நோயாளி மூஞ்சி வெச்சுக்குவாங்க. வாசல்ல செருப்பைக் கழட்டும்போது பாக்கணும். அதுதான் நெஜ மூஞ்சி."

டாக்டர் வில்லையை வாங்கிச் சட்டைப் பைக்குள், நெஞ்சுப் பக்கமாகப் பத்திரமாகப் போட்டுக்கொண்டார். மேசைமேல் போன் மறுபடி நடுங்கியது. இந்தத் தடவை அக்கா எடுத்தாள்.

"என்னடி... இல்ல, நாக்கெல்லாம் வேண்டாம். போனைக் கொஞ்சம் தள்ளி வை. நாளைக்கு நேர்ல பாத்துக்கறேன்."

மறுநாள் காலை ஆறு மணி பஸ்ஸில் டோக்கனக்கா ஊருக்குப் போனாள். ஒன்பதே காலுக்கு ஏழாம் நம்பர் டோக்கன் மாடிப்படி முழங்காலுக்குக் கிடைத்தது.